கீழ்ப் பேராக்கில் ஆறு நாள்: சித்தப்பாவின் விளையாட்டுக் குறிப்பேடுகள்

என் சித்தப்பா திருச்சி தூய வளனார் கல்லூரியில் படித்து, 1951-ஆம் ஆண்டு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, இன்றைய மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரின் கத்தோலிக்கப் பள்ளியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் விளையாட்டு ஆசிரியராக இருந்தவர். 2009-இல் மறைந்தார். அந்தப் பள்ளியின் பழைய பலகைக் கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்றும், அதன் சாமான் அறையில் அப்பாவின் கையெழுத்தில் குறிப்பேடுகள் கிடக்கின்றன என்றும் அவருடைய மகள் செப்டம்பரில் எனக்கு எழுதினாள். நானும் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் கிளம்பாமல் இருக்க முடியவில்லை. ஊரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. குறிப்பேடுகளில் இருக்கும் பிள்ளைகளில் பலர் இன்னும் அந்த ஊரில்தான் வாழ்கிறார்கள். பயிற்சிக்கு வராமற்போனதற்கு அவர்கள் அன்று சொன்ன காரணங்களும் அந்தப் பக்கங்களில் அப்படியே இருக்கின்றன.

2024 அக்டோபர் 10, வியாழன்: ஈப்போ

இறங்க வேண்டிய நிலையம் தாப்பா ரோடு. இரவு முழுவதும் விமானத்தில் தூங்காத களைப்பும், ரயில் பெட்டியின் கடுங்குளிரும் சேர்ந்து என்னைக் கண்ணயர வைத்துவிட்டன. விழித்துப் பார்த்தபோது கம்பார் நிலையத்தின் பெயர்ப் பலகை பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த சீனப் பெண்மணி என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல், தன் பையிலிருந்து ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினார். ஊரைத் தவறவிட்டவனுக்கு முதலில் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது அவருடைய முறை போலும். தங்கையிடம் தொலைபேசியில் சொன்னபோது, "அண்ணே, பரவாயில்ல, ஈப்போவிலேயே தங்கிடுங்க. நாளைக்குத் தம்பி காடி எடுத்துக்கிட்டு வருவான்" என்றாள். தம்பி என்பது அவளுடைய மகன், காடி என்பது கார்.

தவறி வந்து சேர்ந்தது நல்லதாயிற்று. விடுதியில் பையை வைத்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நடந்து போய், பாடாங் என்று அழைக்கப்படும் பெருந்திடலின் ஓரத்தில் நின்றேன். எதிரே செயின்ட் மைக்கேல் பள்ளி நீண்ட வளைவு வராந்தாக்களோடு மாடி மாடியாக எழுந்து நிற்கிறது. 1912-இல் லாசால் சபைச் சகோதரர்கள் தொடங்கிய பள்ளி அது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்களுடைய நிர்வாகம் அதைத் தலைமையிடமாக எடுத்துக்கொண்டது. இந்தச் சகோதரர்கள் குருக்கள் அல்லர், பூசை வைக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது, கற்பித்தல் ஒன்றே அவர்களுடைய துறவின் தொழில் என்பதை நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்குக்கூட விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும், ஏனென்றால் திருச்சியிலும் பாளையங்கோட்டையிலும் நாம் பார்த்து வளர்ந்தவர்கள் யேசு சபைக் குருக்கள். லாசால் சகோதரர்கள் 1852-இல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார்கள். பினாங்கில் செயின்ட் சேவியர், மலாக்காவில் செயின்ட் பிரான்சிஸ், சிரம்பானில் செயின்ட் பால், கோலாலம்பூரில் செயின்ட் ஜான், தைப்பிங்கில் செயின்ட் ஜார்ஜ் என்று அவர்கள் கைபட்ட பள்ளிகளின் பெயரை இந்த நாட்டு விளையாட்டு வரலாற்றிலிருந்து பிரித்து எடுப்பது கடினம். வெள்ளை அங்கியை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு ஊதுகுழலோடு ஓடிய பிரதர்மாரைப் பற்றிச் சித்தப்பா கடிதங்களில் எழுதுவார்.

அந்தப் பள்ளிக்கு வாசற்படியை விட்டு இறங்கினால் திடல். இத்தனை பெரிய திடலைப் பார்த்தபடி படிக்கும் பையன் விளையாடாமல் இருந்தால்தான் வியப்பு. ஈப்போ இன்றும் ஹாக்கி ஊர்தான். 1983-இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டிக்கு நம் நாட்டு அணி இங்கே பலமுறை வந்து ஆடியிருக்கிறது. தோட்டத்துச் சிறு பள்ளிப் பையன்கள் லாரியில் வந்திறங்கி இந்தக் கட்டடத்தை முதன்முதலில் அண்ணாந்து பார்த்தபோது, ஆட்டம் தொடங்கும் முன்பே பாதி தோற்றிருப்பார்கள் என்று தோன்றியது.

இரவு லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சோறு பன்னிரண்டு வெள்ளி. ரிங்கிட் என்று நாம் படிப்பதை இங்கே தமிழர் யாவரும் வெள்ளி என்றே சொல்கிறார்கள். அப்போது ஒரு வெள்ளிக்கு நம் பணம் ஏறத்தாழ பத்தொன்பது ரூபாய். பெருக்கிப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் ரசம்கூட இறங்காது என்பதால் பெருக்குவதை அன்றே விட்டுவிட்டேன்.

அக்டோபர் 11, வெள்ளி: ஊர் வந்து சேர்ந்தது

மருமகன் காலையிலேயே வந்துவிட்டான். "மாமா, பசியாறியாச்சா?" என்பதுதான் அவனுடைய முதல் சொல். காலை உணவு உண்பதை இந்நாட்டுத் தமிழர் பசியாறுவது என்கிறார்கள். இத்தனை அழகான சொல்லை நாம் எங்கே தொலைத்தோம் என்று தெரியவில்லை. வழியில் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடை ஒன்றில் ரொட்டி சானாய் என்னும் பரோட்டா இரண்டும் தே தாரிக் என்னும் ஆற்றிய தேநீரும் சாப்பிட்டோம். கல்லாவுக்குப் போனால், பணம் கட்டியாயிற்று என்றார்கள். பக்கத்து மேசையில் என்னிடம் எந்த ஊர் என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போன முதியவர் கட்டியிருந்தார்.

தாப்பா தாண்டியதும் சடக்கின், அதாவது சாலையின், இருபுறமும் செம்பனை என்னும் எண்ணெய்ப் பனை. கித்தா எனப்படும் ரப்பர் மரங்கள் அங்கங்கே ஒரு துண்டுதான் மிஞ்சியிருக்கின்றன. ஊர் என்பது இரண்டு வரிசைக் கடைகள், ஒரு மாரியம்மன் கோயில், ஒரு மாதா கோயில், ஒரு சீனர் கோயில், ஒரு பள்ளிவாசல், பேருந்து நிற்குமிடம், அவ்வளவே. நவராத்திரியின் கடைசி நாளானதால் மாரியம்மன் கோயிலில் சுண்டல் கிடைத்தது.

பள்ளியைக் காலேஜ் என்றுதான் பழையவர்கள் சொல்கிறார்கள், ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு, வரை மட்டுமே இருந்தாலும். முன்பு பிரதர்மார் நடத்தியது, இப்போது அரசாங்க இடைநிலைப்பள்ளி. தலைமையாசிரியை மலாய்ப் பெண்மணி. என்னை உட்காரவைத்துத் தேநீரும் பச்சை நிறத்தில் குவே என்னும் பலகாரம் ஒன்றும் கொடுத்து, என் சித்தப்பாவின் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சரியாக உச்சரித்தார். அலுவலகச் சுவரில் பொன்னெழுத்துப் பலகை ஒன்று தொங்குகிறது. மாநில அணிக்கும் அதற்கு மேலும் போன மாணவர்களின் பெயர்கள் அதில் இருக்கின்றன. முப்பது ஆண்டுகளுக்கும் குறைவான காலத்துப் பெயர்களே. பாதிக்கு மேல் பலகை காலி. என் கல்லூரியில் இதுபோன்ற பலகைகள் ஐந்து நிரம்பி ஆறாவது தொங்குகிறது என்ற நினைப்பு எனக்குள் எழுந்ததை இங்கே மறைக்கவில்லை.

சாமான் அறையின் சாவி கிடைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே கரையான் வாசம். பத்தொன்பது குறிப்பேடுகள் உருப்படியாக இருந்தன, மற்றவை மண்ணாகிவிட்டன. அவற்றோடு ஒரு சாக்குப் பையில் துருவேறிய நீண்ட இரும்புச் சங்கிலி ஒன்றும் கிடந்தது. அது என்னவென்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியவில்லை. மாலையில் பேய்மழை. என் தோல் செருப்பின் வார் சேற்றில் அறுந்தது. கடையில் எட்டு வெள்ளிக்கு ஒரு ரப்பர் சிலிப்பர் வாங்கினேன்.

அக்டோபர் 12, சனி: வராதவர்களின் பத்தி

காலை ஏழு மணி முதல் இரவு பத்து வரை தங்கை வீட்டு முன்கூடத்தில் குறிப்பேடுகளோடு இருந்தேன். இடையில் தங்கை மூன்று முறை சாப்பாடு போட்டாள், மச்சான் ஒருமுறை மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார், வேறு எதுவும் நடக்கவில்லை. பயணத்தின் மிக நீண்ட நாள் அது.

ஒவ்வொரு பக்கத்திலும் சித்தப்பா மூன்று பத்திகள் கிழித்திருக்கிறார். முதற்பத்தியில் பையனின் பெயர், இரண்டாவதில் அன்று அவன் செய்தது, மூன்றாவதில் வராதவன் என்றால் ஏன் வரவில்லை என்பது. நானும் முப்பத்து நான்கு ஆண்டுகள் வருகைப் பதிவு எழுதியவன்தான். என் பதிவில் மூன்றாம் பத்தி கிடையாது. சொல்லாமல் மூன்று நாள் வராதவனின் பெயரைச் சிவப்பு மையால் அடித்துவிடுவது என் வழக்கம், அதைக் கண்டிப்பு என்று என் மேலாளர்களும் பாராட்டினார்கள்.

சித்தப்பாவின் மூன்றாம் பத்தியில் 'அம்மாவுக்குக் காய்ச்சல், மரம் இவன் வெட்டுகிறான்' என்று இருக்கிறது. பாலுக்காக ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவுவதைத்தான் மரம் வெட்டுவது என்கிறார்கள். 'ஒட்டுப்பால் பொறுக்கப் போனான்', அதாவது உறைந்து ஒட்டிய ரப்பர் பாலை. 'சைக்கிளை அண்ணன் எடுத்துப் போய்விட்டான்.' 'சப்பாத்து இல்லை என்று வரவில்லை. தேவையில்லை என்று சொல்லியனுப்பினேன்.' அதற்கு மறுநாள் அதே பையன் பெயருக்கு எதிரே, 'வந்தான். 440 கெஜம் ஓடினான். வெறுங்கால்.' ஐம்பதுகளின் தொடக்கப் பக்கங்களில் வேறொரு காரணம் திரும்பத் திரும்ப வருகிறது: 'ஊரடங்கு. நாலரைக்கு முடித்து அனுப்பிவிட்டேன்.' 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்விடக் கூடாதென்று தோட்ட வாசல்களில் சோற்றுப் பொட்டலத்தைக்கூடச் சோதித்த காலம் அது. பயிற்சிக்கு வரும் பையன் கையில் எதுவும் கொண்டுவரக் கூடாது என்று ஒரு குறிப்பு. ஓடிக் களைத்தவனுக்குக் கொடுக்கப் பள்ளிச் சமையலறையில் பிரதர் ஒருவர் கஞ்சி வைத்தார் என்று இன்னொரு குறிப்பு.

எனக்கு விளங்காமல் இருந்து, மச்சான் விளக்கிய பிறகு புரிந்த ஒன்று உண்டு. சில நாள்களில் எல்லோரும் வந்திருக்கிறார்கள், மூன்றாம் பத்தி வெறுமையாக இருக்கிறது, ஆனால் இரண்டாம் பத்தியிலும் எதுவுமில்லை. பக்கத்தின் குறுக்கே 'மழை' என்று ஒரே சொல். மரம் வெட்டுவது விடியும் முன் தொடங்கும் வேலை. இரவில் பெய்த மழையில் மரப்பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டிய கோட்டில் இறங்காமல் பட்டை முழுவதும் பரவி வழிந்து வீணாகிவிடும் என்பதால் அன்று வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத நாளில் பையன்களுக்கு வேலை இல்லை, ஆகவே அனைவரும் திடலுக்கு வந்துவிட்டார்கள். திடலோ முழங்கால் தண்ணீரில் கிடந்தது. வெயில் நாளில் திடல் காய்ந்திருக்கும், ஆள் இருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவில் அகப்பட்ட நாள்களில்தான் அந்தப் பள்ளி தன் விளையாட்டு வரலாற்றை நடத்தியிருக்கிறது.

பள்ளி சிறியது. ஒரே பதினான்கு பையன்கள் ஆண்டின் முதல் மாதங்களில் ஹாக்கி ஆடுகிறார்கள், பிறகு திடல் தடப் போட்டிகளில் ஓடுகிறார்கள், ஆண்டின் நடுவில் காற்பந்து ஆடுகிறார்கள், இடையில் குறுக்கோட்டமும் ஓடுகிறார்கள். ஒருவனுக்குக் கால் சுளுக்கினால் நான்கு அணிகளும் நொண்டும். நான்கு நிற இல்லங்களாகப் பிரித்தால் அஞ்சல் ஓட்டத்துக்கு ஆள் போதாமல், ஒரே பையன் மஞ்சளுக்கும் பச்சைக்கும் ஓடிய கதை ஒரு பக்கத்தில் இருக்கிறது. இரண்டு இல்லங்களிலும் சேர்த்து அவனுக்கு மூன்றாம் இடமே கிடைத்தது. ஹாக்கி மட்டைகள் ஜலந்தரிலிருந்தும் சியால்கோட்டிலிருந்தும் வந்தவை, விலை அதிகம். பிளந்த மட்டையைச் சணல் சுற்றி, அதன்மேல் தோட்டத்து ரப்பர் பாலைப் பூசிக் காயவைத்திருக்கிறார்கள். அந்த மட்டையின் பிடி மழையிலும் வழுக்காது என்று சித்தப்பா பெருமையோடு எழுதியிருக்கிறார். ஈப்போவுக்குப் போன ஆண்டுகளின் முடிவு பெரும்பாலும் ஒரே மாதிரி: 'ஈப்போ போனோம். தோற்றோம். நல்ல சாப்பாடு போட்டார்கள்.'

1966-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் ஒரு செய்தித்தாள் துண்டு ஒட்டியிருக்கிறது. அவ்வாண்டு டிசம்பரில் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டில் மருத்துவம் படித்த மணி ஜெகதீசன் 100, 200 மீட்டரிலும் அஞ்சல் ஓட்டத்திலுமாக மூன்று தங்கம் வாங்கினார்; எம். ராஜமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கினார். ராஜமணி பிறந்தது தாப்பாவில், இந்த ஊரிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். மலேசியாவின் சிறந்த விளையாட்டு வீராங்கனை என்ற விருதை அவ்வாண்டு முதன்முதலாகப் பெற்றவரும் அவரே. துண்டுக்குக் கீழே சித்தப்பா எதுவும் எழுதவில்லை. அதற்கு அடுத்த மாதத்திலிருந்து சனிக்கிழமைப் பக்கங்களில் பெண் பெயர்கள் வரத் தொடங்குகின்றன. பக்கத்துக் கான்வென்ட் பிள்ளைகள். அவர்களுக்கான மூன்றாம் பத்தி இன்னும் நீளமானது: 'தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.' 'கால் தெரிய ஓடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பாவாடையோடு ஓடட்டும் என்று நேரில் போய்ச் சொன்னேன்.' 'பெண் பார்க்க வருகிறார்கள்.' அந்தப் பிள்ளையின் பெயர் அதன் பிறகு இல்லை.

இரவு சாப்பிடும்போது தங்கை, "அப்பா வீட்டுக்கு வர்றதே ராத்திரி எட்டு மணிக்குத்தான், அண்ணே. வராத பையன் வீட்டுக்கெல்லாம் போயிட்டு வருவாரு. நாங்கதான் அவரு இல்லாம வளந்தோம்" என்றாள். இதைப் பாராட்டாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை, குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். அவளுக்கென்று ஒரு மூன்றாம் பத்தி எந்தக் குறிப்பேட்டிலும் இல்லை.

அக்டோபர் 13, ஞாயிறு: பூசையும் கோப்பிக் கடையும்

தமிழ்ப் பூசை காலை எட்டு மணிக்கு. முடிந்ததும் கோயில் வாசலில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு ஒரு பொட்டலம் இரண்டரை வெள்ளிக்கு விற்றார்கள். சித்தப்பாவின் பழைய மாணவர்கள் ஐந்து பேரைத் தங்கை சொல்லிவைத்திருந்தாள். அவர்கள் என்னைச் சீனர் கோப்பிக் கடைக்கு அழைத்துப் போனார்கள். ஐவரில் ஒருவர் சீனர், இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார், எழுபதுகளில் பள்ளி ஹாக்கி அணியின் கோல் காப்பாளர். அவர் பேசும் தமிழ் லயத்துத் தமிழ், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் பேசும் தமிழ். என் தமிழைவிடக் கூர்மையாக இருந்தது. "சார் எங்கள அடிச்சதே இல்ல. வூட்டுக்கு வந்து உக்காந்துக்குவாரு. அதுக்கு அடியே தேவலாம்" என்றார். அவர் அப்பா ஒருமுறை கடைக் கணக்கு எழுத ஆளில்லை என்று பையனை அனுப்பாமல் இருந்தபோது, சித்தப்பா கடையில் உட்கார்ந்து அந்தக் கணக்கைத் தாமே எழுதி முடித்துவிட்டுப் பையனைக் கூட்டிப்போனாராம்.

1975-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் தனியே எழுத வேண்டும். அவ்வாண்டு உலகக் கிண்ண ஹாக்கி கோலாலம்பூரில் நடந்தது. மெர்டேக்கா அரங்கில் மலேசியாவும் இந்தியாவும் மோதிய அரையிறுதிக்குச் சித்தப்பா இவர்களைப் பேருந்தில் அழைத்துப் போயிருக்கிறார். மலேசியா முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில் அஸ்லம் ஷேர் கான் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என்று வென்றது. இறுதியில் பாகிஸ்தானையும் 2-1 என்று வென்று கிண்ணம் வாங்கியது. மலேசியாவுக்கு நான்காம் இடம். அதற்கு மேல் அந்நாடு உலகக் கிண்ணத்தில் இன்றுவரை ஏறியதில்லை. திருச்சியில் பதினேழு வயதுப் பையனாக நான் வானொலியை அணைத்துக்கொண்டு தெருவில் குதித்தது நினைவிருக்கிறது. பத்து நாள் கழித்துச் சித்தப்பாவின் கடிதம் வந்தது. 'நம் பையன்கள் கடைசி நிமிடத்தில் விட்டுவிட்டார்கள், மனம் ஆறவில்லை' என்று அதில் எழுதியிருந்ததைப் படித்து, நாம்தானே ஜெயித்தோம், இவருக்கு என்ன ஆயிற்று என்று அப்பா குழம்பிப் போனார். அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் அந்த 'நம்' புரியவில்லை. இரும்புக் கடைக்காரரிடம் இதைச் சொன்னபோது அவர் நெடுநேரம் சிரித்துவிட்டு, "அன்னிக்கு பஸ்ஸில அவரு ஒரு வார்த்த பேசல. நாங்க அவரு சந்தோசமா இருக்காருன்னுல்ல நெனச்சோம்" என்றார்.

அதன் பிறகு என்ன நடந்தது என்பதில் ஐவருக்கும் ஒத்த கருத்து இல்லை. 1976-இல் மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. புல்தரையில் உலகக் கிண்ணம் வாங்கிய இந்தியாவே அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. செயற்கைத் தரை போட வசதியில்லாத பள்ளிகள் மெல்ல ஆட்டத்திலிருந்து விலகின என்பது என் கட்சி, நம் ஊரிலும் அதைக் கண்ணால் பார்த்தவன். அவர்களில் ஒருவர் அதை ஏற்கவில்லை. பிரதர்மார் ஒவ்வொருவராக மூப்படைந்து ஓய்வு பெற, அவர்களிடத்துக்கு ஆள் வராததுதான் காரணம் என்றார். 1970-இலிருந்து ஆங்கிலவழிப் பள்ளிகள் வகுப்பு வகுப்பாக மலாய்வழிக்கு மாறியதை இன்னொருவர் சொன்னார். மூன்றாமவர் தோட்டம் துண்டாடப்பட்டதையும், கித்தா அழிந்து செம்பனை வந்ததையும், லயங்கள் காலியானதையும் சொன்னார்: செம்பனைக்கு அத்தனை ஆள் வேண்டாம், ஆள் இல்லாத தோட்டத்தில் பையன் ஏது? கோல் காப்பாளர் மட்டும் எந்தக் கட்சியிலும் சேராமல், "சார் பென்ஷன் வாங்கிட்டாரு, அவ்ளோதான்" என்று முடித்துவிட்டார். சித்தப்பாவின் கடைசிக் குறிப்பேடு 1983.

ஐந்து கோப்பி, நான்கு முட்டை, ரொட்டி பக்கார் என்னும் சுட்ட ரொட்டி இரண்டு தட்டு, எல்லாம் சேர்த்து இருபத்தேழு வெள்ளி. என்னைப் பணம் கொடுக்க விடவில்லை.

போகும் முன் இரும்புக் கடைக்காரரிடம் அந்தச் சங்கிலியைப் பற்றிக் கேட்டேன். படத்தைப் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: நில அளவைச் சங்கிலி.

அக்டோபர் 14, திங்கள்: சங்கிலி பிடித்தது

அளவைச் சங்கிலி என்று தெரிந்தபின் எல்லாம் விளங்கியது. நூறு கண்ணிகள், மொத்தம் 22 கெஜம். பத்துச் சதுரச் சங்கிலி கொண்டால் ஓர் ஏக்கர். இந்நாட்டுத் தோட்டங்களையெல்லாம் வெள்ளைக்காரத் துரைமார் ஏக்கர் ஏக்கராக வகுத்தது இதைக்கொண்டுதான். கிரிக்கெட் ஆடுகளத்தின் நீளமும் சரியாக ஒரு சங்கிலியே. இருபது சங்கிலி பிடித்தால் 440 கெஜம், எண்பது பிடித்தால் ஒரு மைல். தோட்டத்துப் பெரிய கிராணியிடம், அதாவது தலைமை எழுத்தரிடம், இரவல் வாங்கிய சங்கிலி என்று 1953-ஆம் ஆண்டுக் குறிப்பேட்டில் இருக்கிறது. திருப்பிக் கொடுத்ததாகக் குறிப்பு இல்லை.

100 கெஜ ஓட்டத்தின் தொடக்கம் 'தூங்குமூஞ்சி மரத்தடி' என்று எழுதியிருக்கிறார். மரம் இன்னும் நிற்கிறது. பள்ளித் தோட்டக்காரர், மலாய்க்காரர், ஒரு முனையைப் பிடிக்கச் சம்மதித்தார். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. நான்கு சங்கிலியும் ஐம்பத்து நான்கரைக் கண்ணியும் பிடிக்க வேண்டும். மூன்று சங்கிலி முடிந்த இடத்தில் பள்ளி வேலி வந்துவிட்டது. திடலின் தென்பாதி பள்ளிக்கு உரியதன்று. அது தோட்டத்து நிலம், பேச்சளவில் விளையாட விட்டிருந்தார்கள். தோட்டம் கைமாறியபோது அங்கே வரிசை வீடுகள் எழுந்துவிட்டன. வேலியைச் சுற்றி வெளியே போய்ப் பின்சந்தில் நேர்கோட்டைக் கண்ணளவாகப் பிடித்துக்கொண்டு நான்காம் சங்கிலியை நீட்டினோம். மிச்சத்தைப் பிடித்தபோது என் கையில் இருந்த முனை ஒரு வீட்டின் சமையலறைச் சுவரைத் தொட்டது.

கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் வெளியே வந்தார், கையில் ஜல்லிக் கரண்டி. சங்கிலியைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது. "யாரு நீங்க? நெலம் அளக்க வந்தீங்களா? எங்ககிட்ட பத்திரம் இருக்கு" என்றார். ஒரு தலைமுறைக்குள் இருமுறை வீடு மாற்றப்பட்ட குடும்பம் என்று பிறகு தெரிந்தது. விளையாட்டுக்காக அளக்கிறோம் என்று நான் தூய தமிழில் விளக்கியது அவருக்கு மேலும் ஐயத்தையே தந்தது. தோட்டக்காரர் மலாயில் நாலு சொல் சொன்னார், உடனே அந்தப் பெண் சிரித்துவிட்டார். அவர் சமையலறையின் அடுப்புக்கும் சன்னலுக்கும் நடுவே 100 கெஜ ஓட்டம் முடிந்த கோடு ஓடுகிறது என்று சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அங்கதான் எண்ணெய்ச் சட்டி இருக்கு" என்றார். தீபாவளிக்கு ஆர்டர் எடுத்து முறுக்குச் சுடுகிறார். ஒரு டின் இருபது வெள்ளி. நலம் விசாரிக்க வந்தவனிடமும் விலையைக் குறைக்கவில்லை, ஆனால் தேநீர் இனாமாகக் கிடைத்தது. இரண்டு டின் வாங்கினேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. 440 கெஜத்தை அளக்க முடியவில்லை. எட்டு வெள்ளிச் சிலிப்பரின் இடது கால் வேலியோரச் சேற்றில் புதைந்து கிடைக்காமலே போயிற்று.

அக்டோபர் 15, செவ்வாய்: புறப்பாடு

குறிப்பேடுகளைத் தங்கை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே முறை. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவள் 1966-ஐ எடுத்து நீட்டினாள், நான் 1953-ஐக் கேட்டேன். அதில்தான் மூன்றாம் பத்தி ஓரம் வரை நிரம்பியிருக்கிறது. சங்கிலியை அவள் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. "நாப்பது வருசமா பள்ளிக்கூடத்துல கெடந்தது, இன்னும் எங்க வூட்டுல வேற கெடக்கணுமா?" என்றாள்.

விமான நிலையத்தில் பெட்டியை ஊடுகதிரில் பார்த்த அதிகாரி அதைத் திறக்கச் சொன்னார். தமிழர்தான், என் மாணவன் வயது. "ஐயா, இது என்ன?" என்று கேட்டார். ஓட்டக் களம் அளக்கும் சங்கிலி என்றேன். அவர் இரண்டு கண்ணிகளை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு மூடச் சொன்னார். எடை போடும் இடத்தில்தான் சிக்கல். இரண்டு கிலோ கூடுதல். அதற்கு அவர்கள் கேட்ட கட்டணம் இரண்டு டின் முறுக்கின் விலையைப்போல மும்மடங்காக இருந்தது. பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்து, முறுக்கு டின்களை வெளியே எடுத்து, எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற குடும்பத்தின் பிள்ளைகளிடம் ஒன்றையும், அவர்களுக்குப் பின்னால் நின்ற வேலைக்கார இளைஞர்களிடம் மற்றொன்றையும் கொடுத்தேன். விமானம் ஏறும் வரை அவர்கள் நொறுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.